பெட்டை வாத்தின் குரல்

"அக்கா, உன் வீட்டுக்காரர் எங்கே?"

செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையலறை வரைக்கும் வந்து நின்றான் தம்பி.

"கொட்டகையில வாத்து பிரிச்சுட்டிருக்கார். ஏண்டா, மூஞ்சி இப்படிச் சிவந்திருக்கு?"

"வா, வந்து நீயே கேட்டுக்கோ."

அத்தானும் அவனும் கூட்டாக நடத்தும் வாத்துப் பண்ணை அது. குஞ்சில் ஆண் எது, பெட்டை எது என்று பார்வைக்குத் தெரியாது. கொஞ்சம் வளர்ந்ததும் குரல் காட்டிக்கொடுத்துவிடும். பெட்டை கத்தி ஊரைக் கூட்டும். ஆண், சளி பிடித்த மாதிரி கரகரக்கும். ஆணுக்கு வாலில் சுருள் இறகு முளைக்கும்தான். ஆனால் அதுவரை தீனி போட்டுக் கட்டுப்படியாகாது. ஆகவே முன்னாடியே பிரித்து, பெட்டையை முட்டைக்கு வைத்துக்கொண்டு ஆணைக் கறிக்கு அனுப்பிவிடுவார்கள்.

பிரிப்பது அத்தானின் வேலை. தூக்கிப் பிடித்து ஒரு சத்தம் கேட்டால் போதும், அவர் கணக்கு தப்பவே தப்பாது.

இப்போதும் ஒரு வாத்தைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பி அவர் எதிரே போய் நின்றான்.

"நடிச்சது போதும் அத்தான்!"

அவர் நிமிர்ந்து அவன் முகத்தையே பார்த்தார்.

"ஆணுன்னு கறிக்காரன்கிட்ட தள்ளிவிட்டீங்களே, அதெல்லாம் பக்கத்துப் பண்ணையில முட்டை போட்டுட்டிருக்கு! கால்ல நம்ம அடையாளம். இப்பதான் கண்ணால பாத்துட்டு வரேன்."

அத்தான் அவன் முகத்திலிருந்து பார்வையை எடுக்காமல் வாத்தின் முதுகைத் தடவிக்கொடுத்தார்.

"இங்க பெட்டைன்னு வச்சிருக்கிறதுல பாதிக்கு வால் சுருண்டிருக்கு. உங்களுக்கா தெரியாமப் போகும்? கறிக்காரனும் நீங்களும் கூட்டுக் களவாணிங்க. இல்லைன்னு சொல்லுங்க பாப்போம்!"

"டேய், அவர்…" என்று அவன் பக்கத்தில் வந்து நின்ற அக்கா ஆரம்பித்தாள்.

அத்தான் கையை உயர்த்தி அவளை அடக்கினார். "ஆமா தம்பி. தப்பு என்னோடதுதான். இனிமே நான் கொட்டகைக்கு வரல."

வாத்தைப் பதமாகத் தரையில் விட்டார். சட்டையைத் தட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.

"கொட்டகைச் சாவியைக் குடுத்துட்டுப் போங்க!"

அவர் திரும்பவில்லை.

"அத்தான்! உங்களைத்தான்!"

நடை நிற்கவில்லை. வேலிக்கதவைத் தாண்டிவிட்டார்.

"திமிரைப் பாத்தியா அக்கா? திருட்டு வெளிய வந்தும் எப்படி நடக்குறார் பாரு!"

அக்கா தீனி மூட்டைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"திமிர் இல்லடா. அவருக்குக் காது கேக்கல."

"என்னது?"

"பருந்து குஞ்சைத் தூக்குதுன்னு போன வருஷம் வெடி கொளுத்திப் போட்டியே, அது அவர் காதோரமா வெடிச்சுது. அன்னையோட ரெண்டு காதும் போச்சு. நாம பேசுறதை உதட்டைப் பாத்துப் புரிஞ்சுக்கிறார். வாத்துக்கு உதடா இருக்கு?"

தம்பி வேலிக்கதவைத் திரும்பிப் பார்த்தான்.

"ஏன்க்கா என்கிட்ட சொல்லல?"

"சொல்ல விட்டாரா? அவன் உங்களைத் திருடன்னு நினைக்கப் போறான்னு நேத்துகூட அழுதேன். 'நினைச்சா என்மேலதானே கோபப்படுவான்? உண்மை தெரிஞ்சா ஆயுசுக்கும் தன்னையே வெறுத்துக்குவான். நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன், விடு'ன்னுட்டார்."