கொம்பு வைத்தவள்

முன்னால் போன டிராலிபஸ்ஸின் கொம்பு இன்றைக்கும் அதே இடத்தில் கழன்றது.

தலைக்கு மேலே மின்கம்பியைத் தொட்டுக்கொண்டே வரும் இரண்டு நீளக் கழிகளைத்தான் கிஷினாவ் நகரத்து டிரைவர்கள் கொம்பு என்பார்கள். கழன்றால் வண்டி நின்றுவிடும்; பின்னால் தொங்கும் கயிற்றை இழுத்து, கொம்பைத் திரும்பக் கம்பியில் வைக்க வேண்டும். பின்னால் வருகிற வண்டிக்கும் அதே கம்பிதான், தாண்டிப் போக முடியாது.

பின்வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தவன் இலரியோன். முன்வண்டியின் டிரைவர் சாண்டு, அவனைவிடப் பதினைந்து வயது சின்னவன். அதில் கண்டக்டர் லியூபா, இலரியோனின் மனைவி.

சாண்டு இறங்கினான். லியூபாவும் இறங்கினாள். வண்டியின் பின்பக்கம் தொங்கிய கயிற்றை அவள் பிடித்தாள். அவள் கைமேல் தன் கையை வைத்து அவன் இழுத்தான். கழி கம்பியில் உட்காராமல் நழுவியது. இருவரும் சிரித்தார்கள்.

தன்னோடு அவள் இப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று யோசித்தான் இலரியோன். நினைவுக்கு வரவில்லை.

"அண்ணே, தலையைத் தடவிப் பாருங்க. ஏதாவது முளைச்சிருக்கப் போகுது," என்றாள் அவன் வண்டியின் கண்டக்டர் இலிங்கா.

முன்சீட்டில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மனைவி இன்னொருவனோடு பழகினால், புருஷனுக்குக் கொம்பு வைத்துவிட்டாள் என்று சொல்வது அந்த ஊர் வழக்கம்.

"போய் டிக்கெட்டைக் கிழி."

வண்டிகள் நகர்ந்தன. தேவாலயத்தைத் தாண்டும்போது பயணிகள் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். இலரியோனின் கைகள் ஸ்டீரிங்கிலேயே இருந்தன.

"கடவுளோடயும் சண்டையா?" என்றாள் இலிங்கா.

"ஆமா."

வளைவில் கொம்பு கழலலாம். கம்பி பிரிகிற இடத்தில் கழலலாம். நேர் ரோட்டில், தினமும் ஒரே இடத்தில் கழல்கிறதென்றால், டிரைவரே கழற்றினால்தான் உண்டு. இது இலரியோனுக்குத் தெரியாதா?

ராத்திரி சோளக் களியும் வெண்ணெய்க்கட்டியும் எடுத்து வைத்தாள் லியூபா. அவள் உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்திருந்தது.

"கையில என்ன?"

"பாத்திரம் தேய்ச்சேன்யா."

"அந்த இடத்துல மட்டும் ஏன் தினம் கழலுது?"

"கம்பி சரியில்லையாம். சாண்டு சொன்னான்."

அதே கம்பியில்தான் இலரியோனும் ஓட்டுகிறான், அவனுக்குக் கழலவில்லையே. பொய் சொல்லக்கூட அவளுக்குச் சாண்டுதான் வேண்டியிருக்கிறது. தட்டைத் தள்ளி வைத்தான்.

காலையில் நேராக டிப்போ மேற்பார்வையாளர் அகாஃபியாவின் அறைக்குப் போனான்.

"சாண்டு மேல புகார் எழுதிக்கோங்க அக்கா. ஓடற வண்டியை நிறுத்தி, வேணும்னே கொம்பைக் கழட்டறான். ஜனங்க தவிக்கிறாங்க."

"ஜனங்க தவிக்கிறாங்களா, நீ தவிக்கிறியா?"

அவன் புகார்ப் புத்தகத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

"எழுதினா அவன் வேலை போயிடும். ரெண்டு பிள்ளைங்க இருக்கு, தெரியுமில்ல?"

தெரியும். ராத்திரி முழுக்க அதையும் நினைத்துப் பார்த்திருந்தான். இதில் நியாயம் எவ்வளவு, வயிற்றெரிச்சல் எவ்வளவு என்று அவனுக்கே பிரித்துப் பார்க்க வரவில்லை. ஆனால் கைமேல் கை வைத்தவனை அவனால் மறக்க முடியவில்லை.

"எழுதுங்க."

"சரி. நெஞ்சுல வேற ஒண்ணும் வெச்சுக்கிட்டு சொல்லலைன்னு, மாதா படத்தைப் பார்த்துச் சிலுவை போடு. எழுதறேன்."

இலரியோன் வலது கையைத் தூக்கினான். நெற்றிக்குப் போக வேண்டிய கை நெஞ்சோடு நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் தூக்கினான். தோளில் ஆணி இறங்கியதுபோல் இருந்தது. கை தானாகக் கீழே விழுந்தது.

அகாஃபியா பேனாவை மூடினாள்.

"கோயிலைத் தாண்டறப்ப நீ சிலுவை போடறதில்லைன்னு இலிங்கா உன் பொண்டாட்டிகிட்ட விளையாட்டா சொன்னா. லியூபாவுக்கு அன்னிக்கே தோள் விஷயம் புரிஞ்சுடுச்சு. கொம்பு கழண்டுடுமோன்னுதான் வளைவுல நீ ஊர்ந்து போறேன்னும் புரிஞ்சுடுச்சு. கேட்டா நீ ஒத்துக்கமாட்டியாம். எங்கிட்ட வந்து, 'அந்த மனுஷனால ஸ்டீரிங் பிடிக்க முடியும், கயிறு இழுக்கத்தான் முடியாது. தோள் சரியாகற வரைக்கும் என்னை அவர் வண்டிக்கு மாத்துங்க'ன்னா. முதல்ல கயிறு இழுக்கக் கத்துக்கோன்னேன். நேர் ரோட்டுல தினம் ஒரு தடவை கழட்டி, அவளுக்குச் சொல்லிக்கொடுன்னு சாண்டுகிட்ட சொன்னதும் நான்தான்."

இலரியோன் இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டான்.

"டிப்போவுல பேசிக்கிறதெல்லாம் நெசம்தான், போ," என்றாள் அகாஃபியா. "உனக்குக் கொம்பு வைக்கத்தான் உன் பொண்டாட்டி பழகறா."