ஆயுள் சீட்டு

கம்ப்யூட்டர் சிப்புகள் காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அப்படியே போர்டில் பற்றவைக்கும் சால்டரிங் சூட்டுக்குப் போனால் வயிறு வெடித்துவிடும். அதனால் உறையைப் பிரித்ததுமே, ஃபேக்டரியில் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவள் ஒரு சீட்டு ஒட்டுவாள்: பிரித்த நேரம், ஆயுள் நூற்று அறுபத்தெட்டு மணி, சரியாக ஒரு வாரம். ஆயுள் முடிந்ததைக் கதவு வைத்த மின்னடுப்பில் ஒரு நாள் வாட்டி எடுத்தால் புது ஆயுள்.

திங்கட்கிழமை அவளுடைய வேலைக் கோட்டின் முதுகில் அந்தச் சீட்டு இருந்தது. பிரித்த நேரம் காலை எட்டு. கையெழுத்து அவளுடையதேதான்.

"எவன்டா இந்த வேலையப் பாத்தது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கிழித்துப் போட்டாள். மறுநாள், துவைத்த கோட்டிலும் அதே திங்கட்கிழமை எட்டு மணிச் சீட்டு இருந்தது. அதற்கடுத்த நாளும்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது மகள் கேட்டாள்: "அம்மா, முதுகுல என்ன ஒட்டிருக்கு?" தோலோடு ஒட்டியிருந்தது. உரித்தால் உயிர் போகிற மாதிரி வலித்தது.

மறுநாள் திங்கட்கிழமை, ஃபேக்டரியில் காலை எட்டு அடிக்க ஐந்து நிமிடம். யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசர் அவள் முதுகைப் பார்த்துவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தான்.

"பயப்படாதீங்கக்கா, ஒரே ஒரு நாள்தான்."

அடுப்பின் கதவு திறந்திருந்தது. உள்ளேயிருந்த தட்டுகளையெல்லாம் கழற்றித் தரையில் அடுக்கியிருந்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டால் ஓர் ஆள் உட்காரலாம்.