வலது இறக்கை காயும்வரை

போர் விமானத்தின் வலது இறக்கை காய்கிற வரைக்கும் வீட்டில் யாரும் ஃபேன் போடக் கூடாது என்று மதன்குமார் உத்தரவு போட்டிருந்தார். தேனியில் சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மனைவி மாரீஸ்வரி முறத்தை எடுத்துத் தனக்கு மட்டும் விசிறிக்கொண்டாள்.

“மாரி, காத்து இங்கன வருது பாரு. பெயிண்ட்ல தூசி ஒட்டிரும்!”

“ஆத்தாடி! ஒட்டுனா எதிரி நாட்டுக்காரன் சிரிச்சிருவானாக்கும்?”

மதன்குமார் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். ஆபீஸில் ஒரு கையெழுத்துப் போட ஒரு வாரம் எடுத்துக்கொள்கிறவர், பிளாஸ்டிக் கிட்டில் வந்த சாண்நீள ஜெட்டுக்குக் கடுகளவு சாமான்களைச் சாமணத்தால் பிடித்து ராப்பகலாக ஒட்டிக்கொண்டிருந்தார். பைலட் சீட்டுக்கு மட்டும் மூன்று தடவை வர்ணம் அடித்தாயிற்று.

கட்டிக்கொண்டிருந்த சொந்த வீடோ சுவர் எழும்பியதோடு சரி, தளம் போட வழியில்லாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. வருசநாட்டில் கிடக்கும் கல்லுக்காட்டை விற்றால்தான் கூரை. அதை வாங்கத்தான் ஆள் இல்லை.

மாரீஸ்வரியின் பெரியப்பா மகன் வேல்பாண்டி நிலத்தரகர். தேவதானப்பட்டியில் இவர்களுக்கு இருந்த தோப்பை, “அங்கன எந்த ரோடும் வராது” என்று சத்தியம் பண்ணி அடிமாட்டு விலைக்கு வாங்கி, பின்னாலேயே ரோடு வந்ததும் பிளாட் போட்டு விற்ற பாசக்கார அண்ணன். கல்லுக்காட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும், “அதுல ஓணான்கூடக் குடியிருக்காது தங்கச்சி” என்று நழுவிவிடுவார்.

ஒரு வழியாக இறக்கை காய்ந்தது. விமானத்தை நிறுத்தப் பலகை தயார். அதன்மேல் தரை மாதிரி தூவக் கொஞ்சம் மண் வேண்டும் என்றார் மதன்குமார்.

அதுவரை அந்தப் பொம்மைக்காக ஒரு டம்ளர் தண்ணீர்கூட எடுத்துத் தராத மாரீஸ்வரி, பஸ் ஏறி வருசநாடு போனாள். கல்லுக்காட்டுச் செம்மண்ணும் முள்ளுக் குச்சிகளுமாக மஞ்சப்பை நிறையக் கொண்டுவந்து வைத்தாள்.

“வாசல்லயே மண்ணு கெடக்கே, மாரி?”

“அது வெறும் மண்ணுங்க. இது நம்ம காட்டு மண்ணுல்ல!”

மதன்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணம் ஆனதிலிருந்து அவர் ஏங்கிய மரியாதை, கடைசியில் மஞ்சப்பையில் வந்து சேர்ந்திருக்கிறது.

மாரீஸ்வரி அதோடு நிற்கவில்லை. பலகையை வாடகை வீட்டு மொட்டை மாடிச் சுவரில் வைத்து, பின்னால் மலை தெரிகிற மாதிரி, சுடுகிற தரையில் குப்புறப் படுத்து போனில் படம் எடுத்தாள். உடனே அதை ஸ்டேட்டஸிலும் போட்டாள்.

பார்த்ததும் மதன்குமார் பதறிப்போனார். “வால்ல நம்பர் ஸ்டிக்கர் கோணலா இருக்கு! மானம் போயிரும். மொதல்ல அழி!”

பேச்சுக்குப் பேச்சு பேசுகிறவள், அன்றைக்கு வாயே திறக்காமல் அழித்தாள். கலை ஒரு மனுஷியை எப்படி மாற்றிவிடுகிறது என்று மதன்குமார் வியந்துபோனார்.

மறுநாள் விடிந்ததும் வாசலில் வேல்பாண்டியின் கார் வந்து நின்றது. மாரீஸ்வரி பாய்ந்து போய் விமானத்தைத் தூக்கினாள். சமையலறைக்குள் கொண்டுபோய் இட்லிச் சட்டிக்குள் இறக்கி மூடிவிட்டாள். முரட்டு அண்ணன் கை பட்டு இறக்கை ஒடிந்துவிடும் என்ற கவலை போலிருக்கிறது. மதன்குமார் மனைவியை நன்றியோடு பார்த்தார்.

“கூரையில்லாம எந்தங்கச்சி வீடு நிக்கிறதப் பாத்தா எனக்குச் சோறு எறங்கல மாப்ள” என்றபடி வேல்பாண்டி உட்கார்ந்தார். “அந்தக் காட்ட நானே எடுத்துக்கிறேன். நீங்க கேட்டதுக்கு மேலயே தாரேன். பத்திரத்த இந்த வாரமே முடிச்சிருவோம்.”

“ஓணான்கூடக் குடியிருக்காதுன்னீக மச்சான்?”

“ஓணானுக்கு என்ன தெரியும் மாப்ள?”

மாரீஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அண்ணன் பாசம் என்றால் சும்மாவா?

சொன்னபடியே அந்த வாரம் பத்திரப் பதிவு முடிந்து பணமும் கைக்கு வந்தது. பதிவு ஆபீஸ் படியில் இறங்கும்போது வேல்பாண்டிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“இப்படி வெவரமில்லாம இருக்கீகளே மாப்ள! நம்ம காட்டுல ஜெட்டு வந்து எறங்கிருச்சு. இனி ஏர்போர்ஸ் வர எம்புட்டு நாளாகும்? அந்தச் செம்மண்ணப் பாத்தாலே எந்தக் காடுன்னு சொல்லிருவேன். ஸ்டேட்டஸப் போட்டுட்டு ஒடனே அழிச்சா எனக்குத் தெரியாதாக்கும்? மேலிடத்துல அழிக்கச் சொல்லிருப்பாக, என்ன தங்கச்சி?”

“ஆமாண்ணே” என்றாள் மாரீஸ்வரி, தலையைக் குனிந்துகொண்டு. “வால்ல நம்பர் தெரியுது, அழின்னு சொன்னாக.”

வேல்பாண்டி கண்ணடித்துவிட்டுக் காரில் பறந்தார். மதன்குமார் மனைவியை ஓரமாக இழுத்தார்.

“மாரி, அந்த மனுசன் நம்ம பொம்மைய நெசம்னுல்ல நெனச்சிருக்காரு! கூப்புட்டுச் சொல்லிருவமா?”

மாரீஸ்வரி அவருடைய சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். அத்தனை பிரியத்தோடு அவள் பேசி அவர் கேட்டதே இல்லை.

“அடுத்ததா ரயிலு செய்யுங்க. கோம்பையில எங்கப்பா குடுத்த நெலம் சும்மாத்தான கெடக்கு?”