மேலே நாலு விரல்

நாலு மணிக்கு வண்டி வந்துவிடும்.

அவள் மூன்றாவது தடவையாகத் தூரிகையைக் கழுவினாள். அதில் சாயமே இல்லை. கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது, என்ன செய்ய?

படம் கூடத்துச் சுவரில் மாட்டியிருந்தது. நாலடி உயர கான்வாஸ். சிவந்த பாலைவனம். மணலில் பாதி புதைந்த விண்கலம். அதன் முதுகில் இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கும் டிராகன்.

நன்றாகத்தான் வந்திருக்கிறது. பின்னே ஏன் இந்தப் பாழாய்ப்போன மனசு இப்படி அடித்துக்கொள்கிறது?

இருபத்தாறு வருஷம் விஞ்ஞான நாவல்களுக்கும் மாயாஜாலக் கதைகளுக்கும் அட்டைப்படம் போட்டவள். அவள் கையெழுத்து எப்போதும் விலைக் கட்டத்துக்கு அடியில் போய்விடும். இது ஒன்றுதான் எந்தக் கதைக்காகவும் இல்லாமல் தனக்கென்று வரைந்தது. நாளைக்குக் கண்காட்சி. சுவரில் அவள் பெயரை எழுதி வைத்திருக்கிறார்களாம்.

தணிகாசலம் மத்தியானத் தூக்கம் கலைந்து, காபி டம்ளரோடு வந்து நின்றார். மனைவி எதை வரைந்தாலும் அவருக்குப் பிடித்துவிடும். அதனாலேயே அவர் பேச்சை அவள் காதில் போட்டுக்கொள்வதில்லை.

"பிரமாதம், கோதை. மேல என்ன பேரு போடப் போறாங்க?"

"என்ன பேரு?"

"அதான், கதை பேரு."

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு, டம்ளரை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டார்.

அவள் திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

மேலே வெறும் வானம். ஒரு நட்சத்திரம்கூட இல்லை.

"மேல நாலு விரல் விட்டுரும்மா, தலைப்புக்கு." வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பதிப்பகத்தில் ஆராவமுதன் சார் சொன்னது. தன் கையையே அட்டையின் மேல் படுக்கப்போட்டு அளந்து காட்டினார். நல்ல தடித்த விரல்கள்.

அன்றிலிருந்து விட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அலமாரியைத் திறந்து பழைய அட்டைகளை வாரித் தரையில் போட்டாள்.

ராக்கெட்டுகள் எல்லாம் தரையில் நின்றன. கோபுரங்கள் எல்லாம் குட்டை. ராட்சதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். தேவதைகள்கூட நடந்துதான் போய்க்கொண்டிருந்தார்கள்.

அடிப்பாவி, ஒன்றையாவது கிளம்ப விட்டாயா?

யார் யாரோ பேர் எழுதிக்கொள்ள இருபத்தாறு வருஷமாக ஆகாயத்தை ஒதுக்கிக் கொடுத்திருக்கிறாள். யாரும் கேட்காத இந்தப் படத்திலும் ஒதுக்கியிருக்கிறாள். அவமானமாக இருந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள். ஆத்திரம்தான் வந்தது.

மணி மூன்று பத்து.

முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். அக்ரிலிக்தான், அரைமணியில் காய்ந்துவிடும். மடங்கிக் கிடந்த இறக்கையைப் பிரித்தாள். முதலில் எலும்பு. பிறகு ஜவ்வு. ஜவ்வில் ஓடும் நரம்பு. இறக்கை வானத்தில் ஏறியது.

கான்வாஸின் விளிம்பு வந்தது.

கை நிற்கவில்லை.

போன பொங்கலுக்குத் தணிகாசலம் இரண்டு நாள் முதுகொடிய வெள்ளையடித்த சுவர். அவர் வந்து பார்த்தார். முக்காலி ஆடியது. குனிந்து அதைப் பிடித்துக்கொண்டார்.

வண்டி நாலேகாலுக்கு வந்தது. இரண்டு பேர் படத்தை இறக்கி, பக்குவமாகத் துணி சுற்றினார்கள்.

"எறக்கை பாதியில நிக்குதே மேடம்?" என்றார் ஒருவர்.

"மீதி இங்க இருக்கு."

அவர் சுவரை அண்ணாந்து பார்த்தார். படத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டார்.

படம் போய்விட்டது. சுவரில் ஆணி மட்டும் மிச்சம். அதற்கு மேலே உடம்பில்லாத ஓர் இறக்கை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்தாள்.

பாதி டம்ளரில் நிறுத்தினாள்.

இறக்கையின் நுனிக்கும் சீலிங்குக்கும் நடுவில் கொஞ்சம் வெள்ளை தெரிந்தது.

எழுந்து முக்காலியில் ஏறி, அந்த இடத்தில் கையைப் படுக்கப்போட்டுப் பார்த்தாள்.

சரியாக நாலு விரல்.

அடுப்படியில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏங்க," என்று கத்தினாள். "அந்த பிரஷ்ஷக் கழுவிடாதீங்க!"