நாற்பத்திரண்டு கால்கள்

அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். எடைக்கற்களையும் தராசுகளையும் சோதித்து முத்திரை குத்தும் வேலையில் முப்பத்திரண்டு வருடம் இருந்து ஓய்வுபெற்ற அண்ணன், தையற்காரரான தம்பி, தம்பியின் மனைவி, காகிதம் மடிப்போர் சங்கத்தின் செயலாளரான பல் மருத்துவர்.

ஐந்தாவதாக, மேசைமேல் பூரான்.

ஒரே தாள். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை. ஒரு மீட்டர் சதுரத்தை மடித்து மடித்துச் சாண் நீளத்துக்குக் கொண்டுவந்து, அதிலிருந்து நாற்பத்திரண்டு கால்களை இழுத்து நிறுத்தியிருந்தார் தம்பி. கடை வேலை முடிந்த பிறகு, பதினோரு மாதம்.

ஒன்பது வயதில் மிட்டாய்த் தாளில் தொடங்கிய பழக்கம் அது. ஐம்பத்தெட்டிலும் விடவில்லை. "ஊரெல்லாம் பூரானைக் கண்டா செருப்பைத் தேடும். இவரு போர்வை போத்தி விடுறாரு" என்று தம்பி மனைவி, துணி கொடுக்க வருகிறவர்களிடம் சொல்லிச் சிரிப்பாள். தூசி படாமல் இருக்க நிஜமாகவே மல்துணி போர்த்தித்தான் வைத்திருந்தார்.

மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சி திறப்பு. அண்ணன் தன் பழைய அலுவலகத்து ஆட்கள் எட்டுப் பேரை அழைத்திருந்தார். இப்போது மணி இரண்டரை. மண்டபத்தின் பின்னறையில் தம்பி அந்தப் பூரானைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

காரணம் ஒரு மொட்டைக் கடிதம். நான்கே வரி. கத்தரி பிடித்துப் பிழைக்கிற கை வெட்டாமல் இருக்குமா, வயிற்றுப் பக்கம் பிரித்துப் பாருங்கள், ஒட்டுப் போட்டிருப்பது தெரியும். செயலாளர் அதை மேசை ஓரத்தில் கவிழ்த்து வைத்திருந்தார்.

வெட்டவில்லை என்று காட்டப் பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பிரித்தால் பூரான் கிடையாது. திரும்ப மடிக்கலாம்தான். ஆனால் ஒருமுறை மடிந்து பிரிந்த தாள் சோர்ந்துவிடும், கால்கள் நிற்காமல் தொங்கும்.

அண்ணன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார். கடைக்காரர்கள் முன்னாலும் அப்படித்தான் நிற்பார். எந்தக் கடையிலும் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தவரில்லை. கல் சரியாக இருந்தால் அதைத் தராசில் வைப்பதில் கடைக்காரனுக்கு என்ன நட்டம் என்பது அவர் கட்சி. தாத்தா காலத்திலிருந்து இந்தக் குடும்பத்தின் மேல் ஒரு குண்டுமணி அளவு பழி விழுந்ததில்லை. அந்தப் பெயரை நாலு வரிக் கடிதம் கெடுத்துவிடுவதா?

தம்பி இடுக்கியால் ஒரு காலை விடுவித்தார். அடுத்த காலைத் தொடுவதற்கு முன் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தார்.

நானிருக்கிறேன் என்பதுபோல் அண்ணன் தலையசைத்தார்.

ஒவ்வொரு காலுக்கும் அந்தப் பார்வை வந்தது. பதினான்காவது காலோடு நின்றுபோனது. தைரியம் வந்துவிட்டது என்று அண்ணன் எண்ணிக்கொண்டார்.

பாதி உடல் பிரிந்ததும் செயலாளர் எழுந்தார். "போதும் சார். மீதியை விட்டுடலாமே."

"உக்காருங்க டாக்டர். பாதியில விட்டா, ஒட்டு இருக்கிறது மீதிப் பாதியிலதான்னு சொல்லுவானுங்க."

செயலாளர் உட்கார்ந்தார். தம்பியின் கை நிற்கவில்லை. மடித்த வரிசை முழுக்கத் தலைகீழாக அவர் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கும் யோசிக்கவில்லை, எங்கும் இழுக்கவில்லை. கிழியாமல் பிரிப்பதற்கு, மடிப்பதற்கு வேண்டியதைவிட அதிகப் பொறுமை வேண்டும்.

வயிற்றுப் பக்கம் திறந்தது.

அண்ணன் மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். மூச்சு நின்றுபோயிருந்தது அவருக்கே தெரியவில்லை.

நாலேகாலுக்குத் தாள் மேசையை நிறைத்து விரிந்தது. உள்ளங்கை ரேகைபோல் ஆயிரக்கணக்கில் கோடுகள். அண்ணன் நான்கு ஓரங்களிலும் விரலை ஓட்டினார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். ஊசிமுனை அளவுக்குக்கூட வெட்டு இல்லை.

அப்போதுதான் மூச்சு வெளியே வந்தது.

ஒரே தாள், வெட்டோ ஒட்டோ இல்லை என்று எழுதித் தரச் சொன்னார். செயலாளர் தலை நிமிராமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"குடும்ப மானம் தப்பிச்சுது" என்றார் அண்ணன்.

"தப்பிச்சுது மாமா" என்றாள் தம்பி மனைவி, மல்துணியை உதறியபடி. "பூரான்தான் போயிடுச்சு."

தம்பி தாளைச் சுருட்டிக்கொண்டார். மடிக்கவில்லை. "வரேண்ணே" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெளியே போனார்.

ஐந்து மணிக்கு அவருடைய மேசையில் பெயர்ச்சீட்டு மட்டும் இருந்தது. அண்ணன் அதன் பக்கத்தில் சான்றிதழை நிறுத்தி வைத்தார். அலுவலகத்து ஆட்கள் எட்டுப் பேரும் வரிசையாக வந்து அதைப் படித்துவிட்டுப் போனார்கள்.

யாரோ எழுதிய கடிதத்தை நம்பி, சங்கம்தான் அந்த மனிதரை அப்படி அவமானப்படுத்தியது, அதோடு அவர் காகிதத்தைத் தொடுவதையே விட்டுவிட்டார் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

அது தவறு. அவர் விடவில்லை. அண்ணன் வருகிற நாட்களில் மடித்ததையெல்லாம் உள்ளே எடுத்து வைத்துவிடுகிறார், அவ்வளவுதான். சங்கத்துக்கு எந்தக் கடிதமும் வரவில்லை. செயலாளர் அதைப் பார்த்ததே அந்த அறையில்தான். கடிதம் வந்தது அண்ணன் வீட்டு முகவரிக்கு. தம்பி தைத்துக் கொடுத்த சட்டையின் பையில் அதை ஒரு வாரம் வைத்திருந்துவிட்டு, பிரித்துக் காட்டச் சொன்னவர் அண்ணன்தான்.