கப்பல் காகம்

பல நாளாகக் கரை காணாமல் ஒரு பாய்மரக் கப்பல் மிதந்துகொண்டிருந்தது. மாலுமி அந்துவன் கூண்டைத் திறந்து காகத்தைப் பறக்கவிட்டான். அது போகும் திசையில்தான் கரை இருக்கும்.

காகம் மூடுபனியைத் தாண்டி ஒரு தீவை அடைந்து, புன்னைமரத்தில் உட்கார்ந்தது.

"உன் பின்னால் வருகிறவர்கள் யார்?" என்று கேட்டது மரம்.

"என்னை அடைத்து வைத்திருந்தவர்கள்."

"அப்படியென்றால் என் இலைகளுக்குள் ஒளிந்துகொள். வழி தவறிப் போய்விடுவார்கள்."

காகம் ஒளிந்துகொண்டது. தூரத்தில் கப்பல், கனவில் மிதப்பதுபோல, வேறு பக்கம் திரும்பியது.

"நேற்று அந்த மாலுமி தன் பங்குத் தண்ணீரில் எனக்கும் ஒரு வாய் கொடுத்தான்," என்ற காகம், உச்சிக் கிளைக்கு ஏறித் தொண்டை வறளக் கரைந்தது.

கரையேறியதும் அந்துவன் சோறு பொங்கினான். முதல் பிடியை மணலில் வைத்தான். கூண்டை எடுக்காமல், வெறுங்கையோடு பத்தடி தள்ளி நின்று, "கா, கா" என்று கூப்பிட்டான்.