ஆறு மணி அலாரம்

திருநீர்மலைப் பெருமாள் மேல் சத்தியம், இதில் ஒரு எழுத்துகூடப் பொய் கிடையாது. நான் சொன்ன மற்ற கதைகளை நம்பாதவர்கள் இதையாவது நம்புங்கள்.

பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் எனக்கு அடுத்த வீடு சம்பத்துடையது. ஒண்டி ஆள். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகன் இளமாறன் டெக்ஸாஸில்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆனால் சம்பத் மொட்டைமாடியில் அடுப்பு மூட்டுவார். கறியைப் புகையிலேயே வேகவைக்கிற பீப்பாய் அடுப்பு. போன வருஷம் பத்து நாள் லீவில் வந்த மகன் குரோம்பேட்டையில் வெல்டிங் வைத்துச் செய்தது. கூடவே அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த ஒரு சின்னப் பெட்டி. சூடு குறைந்தால் அதுவே குட்டி ஃபேனை ஓட்டும், கூடினால் நிறுத்தும். வைத்த சூட்டை ஒருமுறை எட்டிவிட்டு, அப்புறம் எல்லைக்குக் கீழே இறங்கினால் அலாரம் அடிக்கும்.

புகையென்றால் அப்படிப் புகை. ஏரியில் கொக்கு இருமியதை இந்தக் காதால் கேட்டேன். மீனம்பாக்கத்தில் இறங்க வேண்டிய விமானம் ஒன்று, மழை மேகம் என்று நினைத்துத் திரும்பிப் போனது.

ஆறு மணிக்குச் சொல்லிவைத்தாற்போல் பெட்டி அலறும். ஆனால் எட்டு மாசத்தில் ஒரு துண்டு கறி அக்கம்பக்கம் வந்ததில்லை. தனியாக உட்கார்ந்து தின்கிற கஞ்சன் என்று தெருவே பேசியது. அதிகம் பேசியவன் நான்தான்.

போன மாசம் ஒரு ஞாயிறு. அடுப்பை மூட்டிவிட்டு அவர் கீழே இறங்கிய நேரம், மாடிக்கு மாடி தாவினேன். நடுவில் பத்தடி இடைவெளி. சரி, இரண்டடி.

மூடியைத் திறந்தால் கோழியும் இல்லை, ஆடும் இல்லை. வெறும் கம்பி வலை, ஒரு தட்டில் தண்ணீர்.

“இன்னாய்யா தேடறே?”

பின்னால் சம்பத் நின்றிருந்தார். வாராவாரம் கத்துகிற பெட்டியைச் சரிபண்ண வந்தேன் என்று புளுகினேன். சொன்ன பொய்க்காகப் பொத்தானையும் அமுக்கினேன். வேண்டிய சூடு 225 என்று வைத்திருந்தது. அது அமெரிக்க டிகிரி. அலாரம் அடிக்க 220. ஐந்தே டிகிரி வித்தியாசம். சூடேறிய பிறகு மூடியைச் சும்மா தூக்கினாலே கத்துமே. எந்த மடையன் இப்படி வைத்தது என்று 150-க்கு இறக்கினேன்.

“நான்தான் வெச்சேன்” என்றார் சம்பத். முகம் செத்துப்போயிருந்தது.

கவிழ்த்துப்போட்ட வாளியில் உட்கார்ந்து மெதுவாகச் சொன்னார். பெட்டி இங்கே கத்தினால் மகனுடைய போனிலும் அடிக்குமாம். அதனால் ஆறு மணிக்கு இவரே மூடியைத் திறந்துவைப்பார். அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். சூடு இறங்குதே என்று மகன் கூப்பிடுவான். எதை எவ்வளவு வைக்க வேண்டும் என்று இரண்டு நிமிஷம் சொல்லிவிட்டு வைத்துவிடுவான்.

“அவன் அபிகாயிலைக் கட்டினப்ப நான் கல்யாணத்துக்குப் போகலை. அதுக்கப்புறம் எங்களுக்குப் பேச வேற விஷயமே இல்லய்யா. இந்தச் சூடு ஒண்ணுதான்.”

பழையபடி 220-க்கு ஏற்றிவிடுகிறேன் என்று பெட்டியைக் கையில் எடுத்தேன். பாழாய்ப்போன அவசரம். பெட்டி நழுவித் தண்ணீர்த் தட்டில் விழுந்தது. திரை ஒரு தடவை மினுக்கிவிட்டு அணைந்தது. துடைத்தேன், ஊதினேன், உதறினேன். அசைவில்லை.

சம்பத் போனை மடியில் வைத்துக்கொண்டு ஏரியைப் பார்த்தார்.

ஆறு ஆனது. ஆறு ஐந்து. ஆறு பத்து.

“நீ போய்யா” என்றார்.

அப்போதுதான் போன் அடித்தது. பதறி எடுத்ததில் அவர் விரல் ஸ்பீக்கர் பொத்தானில் பட்டது.

“அப்பா, இங்க அலாரம் அடிக்குது. மூடியைத் திறந்து வெச்சிட்டீங்களா?”

சம்பத் உயிர் போன பெட்டியைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“ஆமாம்பா, இதோ மூடிடறேன்” என்றார். கொஞ்சம் தயங்கி, “அபிகாயில் எப்படி இருக்கா?” என்று கேட்டார்.

அந்தப் பக்கம் மகன் மூக்கை உறிஞ்சியது மட்டும் கேட்டது. நான் ஓசைப்படாமல் என் மாடிக்குத் தாண்டினேன்.

பெட்டியை இன்றுவரை யாரும் ரிப்பேர் செய்யவில்லை. சம்பத் அடுப்பும் மூட்டுவதில்லை. ஞாயிறு ஆறு மணிக்கு டெக்ஸாஸில் மட்டும் அலாரம் தவறாமல் அடிக்கிறது.

அதைப் பற்றி அப்பனும் பிள்ளையும் ஒருத்தரிடம் ஒருத்தர் இன்னும் மூச்சு விடவில்லை. நீங்களும் விடாதீர்கள். மீறி விட்டால், சொன்னது நானில்லை.